நிலக்கரிச் சுரங்கத்தில் ஃபால்ட் வரைகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தெலங்கானாவின் கோதாவரிப் பள்ளத்தாக்கில் ராமகுண்டம், கொத்தகூடம் பக்கமெல்லாம் நிலக்கரிப் படுகை விரித்த பாய்போல் கிடப்பதில்லை. ஃபால்ட் எனும் பிளவுப்பெயர்ச்சிகள் அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஏற்றியும் இறக்கியும் வைத்திருக்கின்றன.

இதை வரைபடமாக்கும்போது நடக்கும் பெரிய தவறு, மேலிருந்து போட்ட ஆழ்துளைகளை மட்டும் நம்புவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 பாகை சாய்ந்த ஒரு ஃபால்ட் படுகையை 5 மீட்டர் இறக்கியிருந்தால், படுகையில் விழும் இடைவெளி 2 மீட்டர்கூட இருக்காது. துளைகள் 400 மீட்டருக்கு ஒன்று என்றால், அவற்றில் ஒன்று அந்த இடைவெளியில் சரியாக இறங்குவது அபூர்வம். 5 மீட்டர் வித்தியாசமும் 80-க்கு 1 என்ற மெல்லிய சரிவாகச் சமவுயரக் கோடுகளில் கரைந்துவிடும். படம் சுத்தமாக இருக்கும், உள்ளே 3 மீட்டர் படுகையை வெட்டிப் போகும் இயந்திரமோ மணற்கல்லில் முட்டி நிற்கும். சந்தேகமுள்ள இடத்தில் சாய்வாகத் துளையிடுங்கள். சுரங்கத்துக்குள்ளிருந்து முன்னோக்கியும் போடுங்கள்.

துளையில் படுகையே வரவில்லையா? ‘மெலிந்துவிட்டது’ என்று உடனே எழுதிவிடாதீர்கள். துளையிலிருந்து எடுத்த உருளைக் கல் மாதிரிகள் இருக்கும் கோர் பெட்டியைத் திறந்து தடவிப் பாருங்கள். கல் நொறுங்கி, அதன் ஒரு முகம் கண்ணாடிபோல் வழவழத்து, ஒரே திசையில் கீறல் ஓடியிருந்தால் அது ஃபால்ட்டின் வேலையாகத்தான் இருக்கும்.

உள்ளே அளப்பதிலும் சறுக்கல் உண்டு. தண்டவாளம், கூரை போல்ட், இரும்பு வளைவு பக்கத்தில் திசைகாட்டி முள் தடுமாறும். அங்கே சர்வேயில் திசை தெரிந்த கேலரியின் (சுரங்கப் பாதையின்) சுவரிலிருந்து கோணத்தை அளப்பதே நல்லது. ஒரே கேலரியில் நடந்து விரிசல்களை எண்ணினால், அதற்கு இணையாக ஓடுபவை கண்ணில் படவே மாட்டா. குறுக்குக் கேலரியிலும் எண்ண வேண்டும். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடவும் கூடாது. தீ பரவாமலிருக்க அடிக்கும் கல்தூள் சுவரை வெள்ளையாக மூடிவிட்டால் விரிசல் எங்கே தெரியும்?

இறக்கம் இங்கே 4 மீட்டர் என்றால் அடுத்த கேலரியிலும் அதே 4 இருக்காது. ஃபால்ட் போகப் போகத் தேய்ந்து மறையும். அதனால் கண்ணால் பார்த்த இடத்துக்கு முழுக்கோடு, ஊகித்த இடத்துக்கு விட்டுவிட்டு வரையும் கோடு. எனக்கு மிகவும் உறுத்துவது, இரண்டையும் ஒரே கோடாக இழுத்துவிடும் பழக்கம்தான். ஊகித்து இழுத்த அந்த ஃபால்ட் நீர் தேங்கிய பழைய சுரங்கத்தை நோக்கிப் போகலாம், நீர் அதன் வழியே உள்ளே வரலாம். அப்படித் தேங்கிய நீர் 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் உள்ளே புகுந்தபோது 370-க்கும் மேற்பட்டோர் மேலே திரும்பவில்லை.