படகில் டூல்ஸ்: துருப்பிடிக்காமல், தேடி அலையாமல் வைப்பது எப்படி?

என்னென்ன டூல்ஸ் வாங்க வேண்டும் என்று இங்கே சொல்லப்போவதில்லை. உங்கள் இன்ஜினைச் சுற்றி ஒருமுறை பார்த்தாலே தெரிந்துவிடும். நட்டு போல்ட்டெல்லாம் மில்லிமீட்டரா அங்குலமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தேவையில்லாமல் இரண்டு செட் சுமக்காதீர்கள். இருப்பதை எப்படி வைப்பது என்பதுதான் இந்தப் பதிவு.

1. இரும்புப் பெட்டி வேண்டாம்

அதுவே துருப்பிடிக்கும். படகு சாயும்போது சறுக்கிப் போய் ஃபைபரைக் கீறும். என் ஓட்டு கேன்வாஸ் சுருளுக்குத்தான். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒரு பை, கடகடவென்ற சத்தம் இல்லை, கோணல்மாணலான லாக்கரிலும் அடங்கும். கேன்வாஸ் ஈரம் இழுக்கும் என்பதால் சுருளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வையுங்கள்.

2. வேலைவாரியாகப் பிரியுங்கள்

ஸ்பேனரெல்லாம் ஒரு பக்கம், ஸ்க்ரூடிரைவரெல்லாம் ஒரு பக்கம் என்று அடுக்கினால் பார்க்க அழகு, அவசரத்துக்கு உதவாது. இன்ஜினுக்கு ஒரு சுருள், வயரிங்குக்கு ஒன்று, பாய்க்கும் கயிறுக்கும் ஒன்று. இம்பெல்லர் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பில் சுழலும் ரப்பர் சக்கரம்) மாற்றத் தேவையான டூலும் புது இம்பெல்லரும் ஒரே பையில் இருக்கட்டும். கத்தி, கட்டிங் பிளேயர், டேப், டார்ச் தனியாக, கைக்கெட்டும் இடத்தில்.

3. காயவைத்த பிறகே மூடுங்கள்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். முதல் வருடம் ரப்பர் வளையம் வைத்த டப்பா வாங்கி, நாலு சிலிகா ஜெல் பொட்டலமும் போட்டு, வெற்றிப் பெருமிதத்தோடு மூடினேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் சுருள் முழுக்கச் செம்மண் நிறத் தூள். பிளேயரின் வாய் திறக்கவே இல்லை. டப்பா ஒழுகுகிறதோ என்று தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை.

குற்றவாளி டூல்ஸில் ஒட்டியிருந்த உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கசியும். காய்ந்த துணியால் துடைத்தால் தண்ணீர் போகும், உப்பு போகாது. நான் அந்த ஈரத்தையும் உப்பையும் சேர்த்து உள்ளே பூட்டி வைத்திருந்தேன்.

இப்போது நல்ல தண்ணீரில் அலசுகிறேன், துடைக்கிறேன், அரை மணி நேரம் வெயிலில் போடுகிறேன், எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் மூடுகிறேன். ஈரம் விரட்டும் ஸ்ப்ரேக்களை மட்டும் நம்பாதீர்கள். அந்தப் பூச்சு மெல்லியது, நாளடைவில் போய்விடும். மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் டூலுக்கு லானோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் பிசுக்கு) நல்லது. கை பிசுபிசுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

4. எங்கே வைப்பது?

கனமானது தாழ்வாக, படகின் நடுப்பக்கம். ஆனால் தண்ணீர் தேங்கும் அடிக்குழியில் வேண்டாம். பேட்டரி இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம். 12 வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும்.

படகின் அடியில் துளைபோட்டுப் பொருத்திய வால்வுகள் உடைந்தால் ஓட்டையை அடைக்க வைத்திருக்கும் கூம்பு மரக்கட்டைகளை டூல் டப்பாவில் போடாதீர்கள். ஒவ்வொரு வால்விலும் அதற்குப் பொருந்தும் கட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் பீறிடும்போது டப்பாவைத் தேட நேரம் இருக்காது.

5. பட்டியல்

எந்த லாக்கரில் எது என்று எழுதி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். பென்சிலில் எழுதினால் ஈரம் பட்டாலும் மை கரையும் தொல்லை இல்லை.

பின்சேர்க்கை: முதலில் இங்கே 'காந்தப் பட்டையில் ஸ்பேனர்களை ஒட்டிவையுங்கள்' என்று எழுதியிருந்தேன். படித்தவர் ஒருவர், அப்படிச் செய்ததும் திசைகாட்டி தப்பாகக் காட்டுகிறது என்றார். அவர் சொன்னது சரி, அந்த வரியை எடுத்துவிட்டேன். காந்தம் மட்டுமல்ல, இரும்பு டூல்ஸும் பக்கத்தில் இருந்தால் திசைகாட்டியைத் திருப்பும். படகைத் தானாகத் திசைதிருப்பும் ஆட்டோபைலட்டுக்கும் ஒரு திசைகாட்டி சென்சார் உண்டு; அது ஏதாவது லாக்கரின் பின்னால் மறைந்திருக்கும், அதையும் தேடிப் பாருங்கள். படகைக் கரையில் அசையாமல் கட்டிவிட்டு, ஒருவர் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் டப்பாவை லாக்கருக்குள் வைத்து வைத்து எடுக்கட்டும். முள் அசைந்தால் அந்த லாக்கரில் போர்வையை வையுங்கள்.