அரசு மானியத்தை நம்பிப் படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் சின்ன முதலீட்டில் படம் தொடங்குகிறவர்களின் பட்ஜெட்டில், வரவுப் பக்கம் ‘அரசு மானியம் 7 லட்சம்’ என்று ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. முதல் வேலையாக அந்த வரியை அடித்துவிடுங்கள். சிறு முதலீட்டில் எடுக்கப்படும் தரமான தமிழ்ப் படங்களுக்குத் தமிழ்நாடு அரசு 7 லட்சம் ரூபாய் மானியம் தருவது உண்மைதான். ஆனால் படம் முடிந்து, சென்சார் ஆகி, விண்ணப்பம் போட்டு, தேர்வுக் குழு பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அந்தப் பணம் வரும். குழு வேண்டாம் என்றும் சொல்லலாம். எப்போது வரும் என்பதற்கும் யாரும் உறுதி தர முடியாது. 2009 முதல் 2014 வரையிலான மாநிலத் திரைப்பட விருதுகள் 2017-ல் அறிவிக்கப்பட்டு, 2022 செப்டம்பரில்தான் வழங்கப்பட்டன. விருது வேறு, மானியம் வேறு என்றாலும் அரசுப் பணம் என்ன வேகத்தில் நகரும் என்பது இதிலேயே தெரிகிறது. வரப்போகும் 7 லட்சத்தை நம்பி அதே தொகையை மூணு வட்டிக்கு வாங்கினால், மாதம் 21,000 ரூபாய் வட்டி. மூன்று வருஷம் முடிவதற்குள் வட்டியே 7 லட்சத்தைத் தாண்டிவிடும்.

அடுத்தது, காலாவதியான தகவலை நம்புவது. தமிழில் பெயர் வைத்தால் வரிவிலக்கு என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். 2006-ல் வந்த சலுகை அது. 2011-க்குப் பிறகு ‘யு’ சான்றிதழ் போன்ற நிபந்தனைகள் சேர்ந்தன. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த ஏற்பாடே முடிந்துபோனது. தமிழ்ப் பெயர் தாராளமாக வையுங்கள், வரிக்காக வைக்க வேண்டாம்.

மத்திய அரசு படச் செலவில் 40 சதவீதம் திருப்பித் தருகிறது என்ற செய்தியும் இப்படித்தான் பாதியாகப் பரவுகிறது. 2023 நவம்பரில் கோவா திரைப்பட விழாவில் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டம் இந்தியாவில் வந்து படமெடுக்கும் வெளிநாட்டுத் தயாரிப்புகளுக்கானது. உச்சவரம்பு 30 கோடி. உசிலம்பட்டிக்காரர் சொந்தப் பணத்தில் எடுக்கும் படத்துக்கு அது பொருந்தாது. ஆனால் கனடாவிலோ பிரிட்டனிலோ இருக்கும் தமிழர் ஒருவர் கூட்டாக வந்தால் கதை மாறலாம். அந்த நாடுகளோடு இந்தியாவுக்குக் கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தம் இருக்கிறது. படப்பிடிப்புக்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பூஜை போட்டுப் பாதிப் படத்தை எடுத்துவிட்டு விண்ணப்பிக்கப் போகாதீர்கள்.

வேறு மாநிலங்கள் செலவில் இத்தனை பங்கு என்று தரும் மானியத்தின் சதவீதத்தைப் பார்த்து மயங்குவதும் பெரிய தவறு. பட்ஜெட் 2 கோடி, மானியம் 25 சதவீதம், ஆக 50 லட்சம் என்று மனக்கணக்குப் போடுகிறார்கள். திட்டம் ஏற்றுக்கொள்ளும் செலவுக்கு மட்டும்தான் சதவீதம். அது 90 லட்சம் என்றால் கிடைப்பது இருபத்திரண்டரை லட்சம், அதுவும் உச்சவரம்புக்கு உட்பட்டு. நாள் கணக்கும் உண்டு. உத்தரப் பிரதேசம் சில ஆண்டுகளுக்கு முன் வகுத்த கொள்கையில், படப்பிடிப்பு நாட்களில் பாதியாவது அங்கே நடந்தால் 1 கோடி வரை, மூன்றில் இரண்டு பங்கு நடந்தால் 2 கோடி வரை என்று வைத்திருந்தார்கள். யூனிட் தங்கி, சாப்பிட்டு, வண்டி எடுத்து அந்த ஊரில் விடும் காசுக்காகத்தான் ஒரு மாநிலம் இப்படிக் கொடுக்கிறது. சென்னைக்கு வெளியே, மதுரை மாதிரி ஊர்களில் தங்கிப் படமெடுப்பவர்களுக்குத் தமிழ்நாடும் இப்படி ஒன்று தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். லாட்ஜ், மெஸ், வேன், தச்சர் என்று எத்தனை வீடுகளுக்கு அந்தப் பணம் போய்ச் சேரும்!

ஊரில் செலவழித்ததை எப்படி நிரூபிப்பது? இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். படம் நன்றாக வந்திருக்கிறதா என்று கணக்குத் தணிக்கை செய்யும் ஆடிட்டர் பார்க்க மாட்டார், வவுச்சரைத்தான் பார்ப்பார். அவுட்டோரில் சாயங்காலப் பட்டுவாடா எப்படி நடக்கிறது? துணை நடிகர் பேட்டா மொத்தமாக ஏஜென்ட் கையில் போகிறது. சாப்பாட்டுக் கணக்கு துண்டுச் சீட்டில். வீடு கொடுத்தவருக்கு ரொக்கம், ரசீது கிடையாது. இவை எதுவும் நாளைக்குக் கணக்கில் ஏறாது. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கிலும் பொதுவாக அது செலவாக ஏற்கப்படாது. நிதியாண்டில் ஒருவருக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தால் தயாரிப்பாளர் அந்த விவரத்தை வருமான வரித் துறைக்குத் தர வேண்டும். படத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, அன்றாடம் வவுச்சரில் பெயர், வேலை, தொகை, கையெழுத்து, கூடவே அன்று யார் யார் எங்கே வேலைக்கு வர வேண்டும் என்று போட்ட கால்ஷீட்டின் நகல். கணக்குப் பார்க்கும் பையனை முதல் நாளே வேலைக்கு எடுங்கள், கடைசி வாரத்தில் அல்ல.

அனுமதிக் கடிதங்களும் அந்த ஃபைலில் இருக்க வேண்டும். கலெக்டர் ஆபீசில் ஒரு மனு போட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது சரியல்ல. திருமலை நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறையிடம், கீழக்குயில்குடி சமணர் மலை மத்தியத் தொல்லியல் துறையிடம் இருக்கின்றன. அழகர்கோயில் என்றால் கோயிலுக்கு அறநிலையத் துறை, மலைக்கு வனத்துறை. வைகை அணை தேனி மாவட்டம். போடிமெட்டைத் தாண்டினால் கேரளம்.

காளை இல்லாமல் மதுரைக் கதையா என்பார்கள். விலங்கைக் கேமரா முன் நிறுத்தும் முன்பே விலங்கு நல வாரியத்தின் அனுமதி வேண்டும். வாரியத் தலைமையகம் சென்னையிலிருந்து ஹரியானாவுக்குப் போய்விட்டது. காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் 2011 முதல் காளையும் இருக்கிறது. வாரியத்தின் கடிதம் இல்லாவிட்டால் சென்சாரில் நிற்கும். சென்சார் இல்லாமல் தமிழ்நாட்டு அரசின் மானியமும் இல்லை.

இன்னொன்று, மானியம் யாருக்கு என்பது. பாதியில் பணம் தீர்ந்து படம் கைமாறுவது நம் பக்கம் சகஜம். சென்சார் சான்றிதழில் விண்ணப்பதாரர் பெயரும் தயாரிப்பாளர் பெயரும் அச்சாகும். கைமாற்றும் ஒப்பந்தத்தில், பின்னால் வரும் மானியம் யாருடைய கணக்கில் சேரும், பழைய வவுச்சர்கள் யாரிடம் இருக்கும், விண்ணப்பம் யார் போடுவது என்பதை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முதலில் பணம் போட்டவர் ஊர்க்காரர், சொந்தக்காரர் என்றாலும் எழுதத்தான் வேண்டும்.