711 வழியே பேசுவது எப்படி: ரிலே சேவையை எடுத்துப் பழக ஒரு கையேடு

காது கேளாதவரும் பேச வராதவரும் நடுவில் ஓர் ஆபரேட்டரை வைத்துப் போனில் பேசுவதுதான் ரிலே அழைப்பு. அது கெடுவதென்றால் பெரும்பாலும் முதல் சில விநாடிகளிலேயே கெட்டுவிடும். போனை எடுத்தவர் காதில் முன்பின் தெரியாத ஒரு குரல்: "ரிலே சேவையிலிருந்து பேசுகிறேன், ஒருவர் உங்களோடு பேச..." விளம்பரக் கம்பெனி என்று நினைத்து அவர் வைத்துவிடுகிறார். அந்தப் பக்கம் காது கேளாத ஒருவர் மருத்துவரைப் பார்க்க நேரம் கேட்கக் காத்திருந்திருப்பார். ஆகவே அழைக்கிறவர்களுக்கு மட்டுமல்ல, அழைப்பை எடுக்கிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

அமெரிக்காவில் எந்த மாநிலத்திலிருந்தும் 711 அடித்தால் ரிலே ஆபரேட்டர் வருவார். கேளாதவர் தட்டச்சு செய்வதை எதிர்முனையில் இருப்பவருக்கு வாய்விட்டுப் படிப்பார். அங்கே பேசுவதைக் கேளாதவருக்குத் தட்டச்சு செய்து அனுப்புவார். 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. 1993 ஜூலையிலிருந்து நாடு முழுக்க நடக்கிறது. 711 என்ற பொது எண் 2001 அக்டோபரில் வந்தது. இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், ரிலேவுக்கென்று தனிக் கட்டணம் இல்லை. அலுவலகத்திலோ ஹோட்டல் அறையிலோ இருந்தால் வெளி லைனுக்கு அடிக்கும் 9 போன்ற எண்ணை முதலில் அடித்துவிட்டு 711 அடியுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் அந்த இடத்து எக்ஸ்சேஞ்சில் 711 பதியப்படவில்லை என்று பொருள். நிர்வாகத்திடம் சொல்லிச் சேர்க்கச் சொல்லலாம்.

உங்களுக்கு எது பொருந்தும்

காது கேட்காது, ஆனால் பேச வரும் என்றால் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து சிரமப்பட வேண்டாம். அழைப்பின் தொடக்கத்திலேயே "விசிஓ" என்று கேளுங்கள். நீங்கள் பேசுவது நேராக எதிர்முனைக்குப் போகும், பதில் மட்டும் எழுத்தாக வரும். காது கேட்கும், பேச வராது என்றால் "எச்சிஓ": பதிலைக் காதால் கேட்பீர்கள், உங்கள் பக்கத்தை மட்டும் ஆபரேட்டர் படிப்பார்.

பேச்சு குழறலாக வருகிறவர்களுக்கு, உதாரணமாக மூளை முடக்குவாதம், பக்கவாதம், பார்கின்சன் உள்ளவர்களுக்கு, இருக்கும் சேவையைப் பற்றிப் பலருக்குத் தெரிவதே இல்லை. அதுதான் பேச்சிலிருந்து பேச்சுக்கான ரிலே. ஆங்கிலச் சுருக்கம் எஸ்டிஎஸ். இதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை, வீட்டில் இருக்கும் சாதாரண போன் போதும். இத்தகைய பேச்சைப் புரிந்துகொள்ளப் பயிற்சி பெற்றவர் நீங்கள் சொல்வதைத் தெளிவாகத் திருப்பிச் சொல்வார். 711 அடித்து "எஸ்டிஎஸ்" என்றால் போதும், மாற்றிவிடுவார்கள். அழைப்பை எடுத்த ஆபரேட்டர் குறைந்தது 20 நிமிடமாவது உங்களோடு இருக்க வேண்டும், நடுவில் ஆள் மாறக் கூடாது என்பது விதி. மற்ற ரிலே அழைப்புகளில் இது 10 நிமிடம். ஒரு குரலுக்குக் காது பழகவே நேரம் பிடிக்கும் என்பதால் இந்த விதி பெரிய நன்மை.

சைகை மொழியே தாய்மொழி என்றால் வீடியோ ரிலே. இதற்குப் பதிவு செய்து பத்து இலக்க எண் வாங்க வேண்டும். ஒரே அறையில் இருக்கும் இருவருக்கு நடுவே மொழிபெயர்க்க இதைப் பயன்படுத்தக் கூடாது. ஓரளவு கேட்கும், ஆனால் போனில் பிடிபடவில்லை என்பவர்களுக்கு எழுத்து ஓடும் கேப்ஷன் போன் இருக்கிறது. இணையம் வழி ஓடும் கேப்ஷனைச் செவித்திறன் குறைந்த, பதிவு செய்த பயனர் மட்டுமே ஓட விடலாம். வீட்டில் மற்றவர்கள் அதே போனை எடுத்தால் கேப்ஷனை அணைத்துவிட வேண்டும்.

எழுத்து ஏன் குழம்புகிறது

டிடிஒய் என்னும் தட்டச்சுத் தொலைபேசி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் வரும் கோளாறுக்குக் காரணம் தெரிந்தால் சரிசெய்வது எளிது. இந்தக் கருவி விநாடிக்குச் சுமார் 45 துடிப்பு வேகத்தில் ஒலிகளை அனுப்புகிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் அடிக்க முடியும். இருவரும் சேர்ந்து அடித்தால் இரு திரையும் குப்பையாகும். அதனால்தான் முடித்ததும் "ஜிஏ" ("கோ அஹெட்" என்பதன் சுருக்கம்) என்று அடிக்கிறோம்: நான் முடித்தேன், நீங்கள் சொல்லுங்கள். விடைபெற "எஸ்கே".

எண்கள் எழுத்துகளாக மாறி வருவதைப் பலர் பார்த்திருப்பார்கள். 2015 என்று அனுப்பியது திரையில் "டபிள்யூ, பி, கியூ, டி" என்று வரும். விசைப்பலகையில் எண்களுக்குக் கீழ் வரிசையைப் பாருங்கள்: 2-க்குக் கீழ் டபிள்யூ, 0-க்குக் கீழ் பி, 1-க்குக் கீழ் கியூ, 5-க்குக் கீழ் டி. இந்தக் குறியீட்டில் எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒரே ஒலிதான். "இனி வருவது எண்" என்று சொல்ல ஒரு தனிக் குறி முன்னால் போகும். லைனில் அந்த ஒரு குறி தொலைந்தால் பின்னால் வருவதெல்லாம் எழுத்தாகிவிடும். ஸ்பேஸ் பாரை ஒன்றிரண்டு முறை தட்டி, எண்ணைத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். தொலைபேசி எண், மருந்தின் அளவு, தேதி ஆகியவற்றை எப்போதும் இரண்டு முறை வாங்குங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

ரிசீவரைக் கருவியின் மேல் வைத்துப் பேசுகிற வகையென்றால் வயர் எந்தப் பக்கம் என்று கருவியிலேயே குறித்திருக்கும், அதன்படி வையுங்கள். டிவி ஓடினால் அந்தச் சத்தமும் எழுத்தாக விழும். கால் வெயிட்டிங் இருந்தால் அதன் பீப் ஒலி பேச்சை உடைக்கும். லேண்ட்லைனில் அழைப்பதற்கு முன் *70 அடித்து அதை நிறுத்துங்கள். இணைய லைன்களில் ஒலியைச் சுருக்கி அனுப்புவதால் கோளாறு அதிகம்.

ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஐபோனில் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி போய் ஆர்டிடி-யை (அழைப்பிலேயே எழுத்து அனுப்பும் வசதி) ஆன் செய்யுங்கள். "ரிலே நம்பர்" கட்டத்தில் 711 போடுங்கள். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் போன் செயலியின் செட்டிங்ஸுக்குள் இருக்கும். ஆர்டிடியில் அடிக்க அடிக்க எழுத்து போய்ச் சேரும், இருவரும் ஒரே நேரத்தில் அடிக்கலாம்.

அழைக்கும்போது

எண்ணைக் கொடுப்பதோடு நிற்காமல் யாரை, எதற்கு அழைக்கிறீர்கள் என்றும் ஆபரேட்டரிடம் சொல்லிவிடுங்கள். "மருந்துக் கடை, தானியங்கிக் குரல் வரும், ஆளோடு பேச 0 அழுத்துங்கள்" என்று முன்பே சொன்னால் பாதி நேரம் மிச்சம். தானியங்கி மெனுக்கள் வேகமாக ஓடும். ஆபரேட்டர் அதைப் பதிவு செய்து, உங்களுக்கு அடித்துக் காட்டி, நீங்கள் தேர்ந்தெடுப்பதற்குள் லைன் போய்விடும், திரும்ப அழைக்க வேண்டியிருக்கும். பதிவு இயந்திரம் எடுத்தால் என்ன செய்தி விட வேண்டும் என்பதையும் முதலிலேயே எழுதிக் கொடுங்கள். ஆபரேட்டர் ஆணா பெண்ணா என்றும் கேட்டு வாங்கலாம், முடிந்தவரை தருவார்கள்.

அழைப்பை எடுக்கும்போது

வைத்துவிடாதீர்கள். கொஞ்சம் அமைதி, பிறகு அறிமுகம், இரண்டுக்கும் பொறுத்திருங்கள்.

அழைத்தவரோடு நேராகப் பேசுங்கள். "அவர் பிறந்த தேதி என்னன்னு கேளுங்க" என்று ஆபரேட்டரிடம் சொன்னால், அவர் அப்படியே அடிப்பார். கேளாதவர் திரையில் "அவர் பிறந்த தேதி என்னன்னு கேளுங்க" என்று ஓடும். யாருடைய தேதி என்று அவர் குழம்புவார். "உங்க பிறந்த தேதி என்ன?" என்று கேட்டு "கோ அஹெட்" சொல்லுங்கள்.

காதில் விழும் எதையும் ஆபரேட்டர் கூட்டாமல் குறைக்காமல் அனுப்ப வேண்டும். பக்கத்து மேசைக்காரர் "யாரு அது, சீக்கிரம் வை" என்று முணுமுணுத்தால் அதுவும் திரையில் வரும். இது எவ்வளவு வலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆபரேட்டர் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல் அடிக்க வேண்டும் என்பது விதி. சாதாரணப் பேச்சு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகம். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. மூன்றைச் சேர்த்துக் கேட்டால் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் வரும். பதிலுக்கு முன் வரும் மௌனத்தில் "ஹலோ, ஹலோ" என்று குறுக்கிட வேண்டாம், அந்தப் பக்கம் ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்.

"மூன்றாம் நபர் இருக்கிறார், கணக்கு விவரம் பேச முடியாது" என்று மறுக்கும் இடங்கள் உண்டு. ஆபரேட்டர் பேச்சின் உள்ளடக்கத்தை வெளியே சொல்லவோ, அழைப்பு முடிந்தபின் வைத்திருக்கவோ கூட்டாட்சி விதி அனுமதிக்காது. ரிலே அழைப்பை மற்ற அழைப்புகளைப் போலவே எடுக்க வேண்டும் என்று நீதித் துறை 2010-இல் திருத்திய விதி வணிக இடங்களுக்குச் சொல்கிறது. மருத்துவமனைகளும் ரிலே நிறுவனத்தோடு தனி ஒப்பந்தம் இல்லாமலேயே நோயாளியோடு இப்படிப் பேச, நோயாளி விவரங்களின் ரகசியத்தைக் காக்கும் ஹிப்பா சட்டம் இடம் தருகிறது. மோசடிக்காரர்கள் ரிலேவைப் பயன்படுத்தி கார்டு எண் கொடுத்து ஆர்டர் போட்டதும் உண்டுதான். வேறு எந்த போன் ஆர்டரையும் சரிபார்ப்பது போல இதையும் சரிபாருங்கள், அதற்காக எல்லா ரிலே அழைப்பையும் மறுக்காதீர்கள்.

அவசரத்துக்கு 711 வேண்டாம்

உயிருக்கு ஆபத்தென்றால் டிடிஒய், ஆர்டிடி எதுவானாலும் நேராக 911. டிடிஒய்-யில் லைன் கிடைத்ததும் ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே இருங்கள். எதிரில் இருப்பவருக்கு இது டிடிஒய் அழைப்பு என்று புரியும். 911-க்குக் குறுஞ்செய்தி எல்லா ஊரிலும் எடுபடாது. எடுபடாத இடத்தில் அதைச் சொல்லும் பதில் உடனே வரும், அப்போது வேறு வழியில் அழையுங்கள். வீடியோ ரிலேவிலிருந்தும் 911 அழைக்கலாம். ஆனால் அங்கே நீங்கள் பதிந்த முகவரிதான் போகக்கூடும். வீடு மாறிய அன்றே அதை மாற்றுங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

புகார் இருந்தால் முதலில் மேற்பார்வையாளரைக் கேளுங்கள், பிறகு எஃப்சிசி (அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம்). ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் ஓர் எண் உண்டு, தொடக்கத்தில் வரும். அந்த எண், தேதி, மணி மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.