பழைய யெஸ்டி வாங்கப் போகிறீர்களா?

வேலூர்ப் பக்கம் புதுப்பித்த யெஸ்டி மோட்டார் சைக்கிள் பார்க்க யாராவது என்னைத் துணைக்கு அழைத்தால், விற்பவரிடம் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடச் சொல்வேன்: நாங்கள் வந்து சேரும்வரை வண்டியைக் கிளப்பக் கூடாது. போனதும் பெயின்டைப் பார்க்க மாட்டேன், சிலிண்டரைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பிவிடுவேன். ஆறிய எஞ்சின் எத்தனை உதையில் எழுகிறது என்பதுதான் எனக்கு வேண்டிய முதல் தகவல்.

நான் சொல்வது மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1996 வரை செய்த பழைய 250 சிசி வண்டியை. இதில் கிக்கரும் கியரும் ஒரே லீவர். உள்ளே அழுத்திப் பின்னுக்குத் திருப்பினால் கிக்கர். முன்னுக்குக் கொண்டுவந்தால் கியர். உதைக்கும்போது கிக்கரின் பல்சக்கரம் பிடிக்காமல் வழுக்குகிறதா என்று கவனியுங்கள். வழுக்கினால் எஞ்சினைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும்.

கிளம்பியதும் புகை வரும். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் டூ ஸ்ட்ரோக் வண்டியில் புகை வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் சூடான பிறகும் அடர்த்தியாக வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்தால், கிராங்க் ஆயில் சீல் (எஞ்சினுக்குள் சுழலும் தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் அடைக்கும் வளையம்) போய், எஞ்சின் கியர் ஆயிலை இழுத்து எரிக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பளபளவென்று புதுப்பித்ததாகச் சொல்லும் வண்டிகளில் அதிகம் விட்டுவைக்கப்படும் வேலை இதுதான். கிராங்க்கைக் கழற்றுவது செலவு, வெளியிலும் தெரியாது. டேங்க்குக்கு மெரூன் அடித்தால் போட்டோவில் அழகாக விழும். சிலிண்டர் ஒன்று, சைலன்சர் இரண்டு என்பதால் இரண்டின் பின்னாலும் உள்ளங்கையைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். காற்று ஒரே வேகத்தில் வர வேண்டும். ஒரு பக்கம் மந்தமாக இருந்தால் அங்கே கரி அடைத்திருக்கும். அது சின்ன வேலைதான், பயம் வேண்டாம்.

ஓட்டிப் பார்க்க நம் ஊர் வெயிலே போதும். மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல், பின் சீட்டில் ஒருவரை ஏற்றிக்கொண்டு காட்பாடி மேம்பாலம் ஏறுங்கள். இறங்கியதும் ஓரமாக நிறுத்தி அணைத்து, சில நிமிடம் விட்டு மறுபடி உதையுங்கள். காலையில் ஒரே உதையில் எழுந்த வண்டி இப்போது அடம்பிடித்தால் பிளக்குக்குப் பொறி தரும் கண்டென்சரோ காயிலோ சூட்டில் படுத்துவிடுகிறது. "வெயில் அண்ணே, இறங்கினால் சரியாகிவிடும்" என்பார்கள். வேலூரில் வெயில் எப்போது இறங்கியது?

பெயின்டுக்கு ஒரு சின்னக் காந்தமும் பழைய வேட்டித் துணியும் போதும். கீறல் விழாமல் காந்தத்தைத் துணியில் சுற்றி டேங்க்கிலும் மட்கார்டிலும் நகர்த்துங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் தகரத்துக்கு மேல் பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி தடிமனாக இருக்கிறது. மூடியைத் திறந்து செல்போன் டார்ச் அடித்து டேங்க்கின் அடியையும் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்; ஓடாமல் நின்ற வண்டியில் துரு சீக்கிரம் பிடிக்கும்.

இனி காகிதம். என் கணக்கில் பாதி விலை இதற்குத்தான். சேசிஸ் எண்ணின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் அப்படியே தாளில் இறங்கும். ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் உள்ள இடம் மட்டும் அரம் போட்டதுபோல் வழவழவென்றிருந்தால் பேரத்தையே தொடங்காதீர்கள். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஆர்.சி.யை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும். வண்டியின் பதிவு எண் அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஏறியிருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். சித்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்த வண்டியானால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே சாலை வரியும் உண்டு. குடியாத்தம், ஆரணிப் பக்க வீடுகளில் வண்டி இன்னும் காலமான தாத்தாவின் பெயரிலேயே இருக்கும். அப்படியானால் வாரிசின் பெயருக்கு படிவம் 31 வழியாக மாற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். உயிரோடு இருப்பவர் விற்றால் படிவம் 29, 30.

ஐம்பது ஆண்டு தாண்டியவற்றுக்கு 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் வண்டி என்று 'வி.ஏ.' எழுத்தோடு தனிப் பதிவு உண்டு. அந்த எண்ணில் தினமும் ஓட்ட முடியாது; அலுவலகம் போக வண்டி தேடுபவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

விலை பேசும்முன் ஒன்று கேளுங்கள்: கழற்றிய பழைய பாகங்கள் எங்கே? உண்மையாகவே எஞ்சினைப் பிரித்தவர் தேய்ந்த பிஸ்டனையும் பழைய பேரிங்கையும் ஒரு சாக்கில் கட்டி வைத்திருப்பார், லேத்துப் பட்டறையில் சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து போர் போட்ட பில்லும் இருக்கும். இரண்டும் காட்டுபவரிடம் நான் அதிகம் பேரம் பேசுவதில்லை. காட்டாதவரிடம் கிராங்க் வேலைக்கு மெக்கானிக் கேட்கும் தொகையைக் கழித்துத்தான் பேச்சைத் தொடங்குவேன். யாராக இருந்தாலும், பெயர் மாறும்வரை பணத்தில் ஒரு பகுதி என் பையிலேயே இருக்கும். சாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒரிஜினல் பாகம் இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை.