கூட வேலை பார்ப்பவரோடு முட்டிக்கொண்டால் எப்படிப் பேசுவது?

மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில் (வெளியூர்க்காரர்களுக்கு: முந்திரிப் பருப்பு ஆலை) டிஸ்பாட்ச் கணக்கு பார்த்தேன். ஒருநாள் 240 என்று எழுதின டின்னில் 320 பருப்பு கலந்து கிடந்தது. ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, எத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். எண் கூடக்கூட பருப்பு சிறுசு, விலையும் குறைவு. எனக்கு வந்த வெப்ராளத்தில் நேரே கிரேடிங் மேசைக்குப் போய், பத்து பெண்கள் பார்க்க, "உங்களுக்கு எப்பவுமே கவனம் கிடையாதுக்கா" என்று சொல்லிவிட்டேன். அந்த அக்கா பதினோரு நாள் என்னிடம் பேசவில்லை. சீட்டெல்லாம் ஒரு பையன் கையில்தான் வந்தது.

அந்த வாக்கியத்தில் டின் எங்கே இருக்கிறது? இல்லவே இல்லை. அக்காவின் குணம்தான் இருக்கிறது, அங்கேயே பேச்சு செத்துவிட்டது. நாம் லேட்டாக வந்தால் வடசேரியில் பஸ் கிடைக்கவில்லை, அடுத்தவர் லேட்டாக வந்தால் சோம்பேறி, இப்படித்தான் நம் எல்லாருடைய கணக்கும். லீ ராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1977-இல் இந்தப் புத்திக்கு ஒரு பெயரே வைத்தார்.

ஆகவே பேசப் போகும் முன் ஒரு துண்டுத்தாளில், கேமரா வைத்திருந்தால் அதில் என்ன பதிவாகியிருக்குமோ அதை மட்டும் எழுதிப் பாருங்கள். "செவ்வாய்க்கிழமை மூன்று டின்னில் சிறு பருப்பு கலந்திருந்தது" பதிவாகும். "அலட்சியம்", "வேணும்னே", "எப்பவுமே" எதுவும் பதிவாகாது, அடித்துவிடுங்கள். முக்கால்வாசி கோபம் அந்தத் தாளிலேயே தீர்ந்துபோகும். மீதி இருக்கிறதுதான் பேச வேண்டிய விஷயம்.

எப்போது பேசுவது? சூட்டோடு வேண்டாம், ஒரு வாரம் ஊறப்போடவும் வேண்டாம். மறுநாள் காலை சரியாக இருக்கும். வாட்ஸ்அப் குரூப்பில் கண்டிப்பாகக் கூடாது, அங்கே போட்டால் அது பஞ்சாயத்து. "அக்கா, சாப்பாட்டு நேரத்துல அஞ்சு நிமிஷம் கிடைக்குமா?" என்று தனியாகக் கேட்டுவிட்டுப் போங்கள். வெளியே ஒரு சாயா குடித்துக்கொண்டே பேசினால் இன்னும் நல்லது.

பேசும்போது, சண்டையில்லாமல் பேச ஒரு முறையை வகுத்த அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பெர்க் சொன்ன வரிசை எனக்குப் பயன்பட்டது: பார்த்தது, அதனால் மனசில் பட்டது, எனக்குத் தேவையானது, உங்களிடம் கேட்பது. புத்தகத்தில் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் நம் ஊரில் முதலாளியிடம் போய் "சார், என் மனசு வருத்தப்பட்டது" என்றால் அவர் ஒரு மாதிரி பார்ப்பார். அவரிடம் மனசுக்குப் பதில் வேலைக்கு வந்த கஷ்டத்தைச் சொல்லுங்கள்: "சார், சனிக்கிழமை சாயங்காலம் லோடு சொன்னதால பில்லுல ரெண்டு தப்பு வந்துட்டு. வெள்ளிக்கிழமையே சொல்ல முடியுமா, இல்ல திங்கள் காலையில ஏத்தலாமா?" இரண்டு வழி கொடுத்தால் தேர்ந்தெடுக்கிற மரியாதை அவருக்கே போகும். சின்னவர்களிடம் பேசும்போதுதான் நமக்கு நாக்கு நீளும், அங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும்.

அப்புறம் வாயை மூட வேண்டும். கஷ்டமான கட்டம் இதுதான். அவர் சொல்லி முடித்ததும், "அப்படின்னா, நீங்க முன்னாடியே சொன்னீங்க, யாரும் கேக்கல, அப்படியா?" என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்கிறீர்கள் என்று அர்த்தமில்லை, கேட்டேன் என்றுதான் அர்த்தம். தப்பாகப் புரிந்திருந்தால் அவரே அங்கே திருத்திவிடுவார்.

எல்லாவற்றையும் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். சம்பளத்தைப் பிடித்து வைப்பது, கை நீட்டுவது இதெல்லாம் மனஸ்தாபம் அல்ல. பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் வருடச் சட்டப்படி பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். ஆள் குறைவாக இருந்தாலும், புகார் முதலாளி மேலேயே என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அங்கே போய் யாராவது "சாயா குடிச்சுப் பேசித் தீத்துக்குங்க" என்றால் கேட்காதீர்கள்.

பன்னிரண்டாம் நாள் நானே போய், எல்லார் முன்னாலும் சொன்னது தப்பு என்று அதே மேசையில் எல்லார் முன்னாலும் சொன்னேன். பிறகு தனியாக டின் விஷயத்தைக் கேட்டேன். அக்கா மேலே கையைக் காட்டினார். மேசைக்கு மேலிருந்த டியூப்லைட் கறுத்துப்போய்க் கிடந்தது, மேஸ்திரியிடம் இரண்டு தடவை சொல்லியாயிற்றாம். "மக்களே, மொதல்ல அத மாத்திக் குடு, பொறவு பருப்பப் பத்திப் பேசு."

அன்றைக்கே மாற்றினோம்.