புறநகரில் வாடகைக்கு வீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஹால் பெரிதா, கிச்சனில் அலமாரி இருக்கிறதா, வாசல் எந்தத் திசை என்று பார்த்துவிட்டு அன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள் பலர். ஆனால் சென்னைப் புறநகரில் குடியிருப்பவர்களை அலையவிடுவது தெரு, தண்ணீர், ஓனர் வைத்திருக்கும் பத்திரம் ஆகியவைதான்.

வெயிலில் வீட்டைப் பார்த்துவிட்டு மழையை மறந்துவிடுவது பெரிய தவறு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. புரோக்கரைக் கேட்டால் "இந்தத் தெருவுக்கு வராதுங்க" என்பார். தெருமுனை இஸ்திரிக்காரரைக் கேளுங்கள், எதுவரை வந்தது என்று இடுப்பில் கைவைத்தே காட்டிவிடுவார். கேட்டருகே நின்று, ரோட்டிலிருந்து வீட்டுக்குப் படி ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். ரோட்டின் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, பழைய வீடுகள் பல பள்ளத்துக்குள் போய்விட்டன. மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேலே ஏற்றியிருந்தால், சுவரின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தால், காரணத்தைக் கேட்காமல் வராதீர்கள்.

வெள்ளம் வரும் அதே ஊரில்தான் மே மாதம் போர்வெல் வற்றும். லாரித் தண்ணீர் வாங்கினால் காசு யார் கொடுப்பது, எத்தனை வீட்டுக்குப் பங்கு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். குழாயிலும் ஷவரிலும் வெள்ளையாகப் படிந்திருந்தால் உப்புத் தண்ணீர் என்று அர்த்தம். பாதாளச் சாக்கடை இல்லாத தெரு என்றால், செப்டிக் டேங்க் நிரம்பும்போது லாரி கூப்பிடும் செலவு யாருடையது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தனி இ.பி. மீட்டர் இல்லாத போர்ஷனைக் கூடியவரை தவிர்ப்பது நல்லது. யூனிட் கூடக் கூடக் கட்டண விகிதமும் ஏறும், இலவச 100 யூனிட்டும் ஓர் இணைப்பின் ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு முறைதான். இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் இருவருக்குமே நஷ்டம்.

அப்புறம் அக்ரிமென்ட். கையெழுத்துப் போடும் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் அதில் உண்டு. ஆனால் இருவரும் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அந்த வரம்பு பொருந்தாது. ஓனர் நீட்டும் தாளில் பத்து மாத அட்வான்ஸ் என்று இருந்து, நீங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பார்களா என்பதையும் அப்போதே கேளுங்கள். சாவி வாங்கும் நாளில் சுவர் விரிசல், உடைந்த டைல்ஸ் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.

நான் மிகவும் பயப்படுவது லீஸ் வீட்டுக்குத்தான். மாத வாடகை கிடையாது, சில லட்சம் கொடுத்தால் மூன்று வருஷம் இருக்கலாம் என்றால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்த வீட்டை ஓனர் ஏற்கெனவே வங்கியில் அடமானம் வைத்துத் தவணை கட்டாமல் விட்டிருந்தால், ஏல நோட்டீஸ் ஒட்டப்படுவது நீங்கள் குடியிருக்கும் வாசலில். பணத்தைக் கேட்டு ஓனர் பின்னால் நீங்கள்தான் அலைய வேண்டும். நடுவில் ஒரு ஆள் ஓனரிடம் மாத வாடகைக்கு எடுத்து, உங்களிடம் லீஸ் தொகை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவதும் நடக்கிறது. அதனால் ஓனரை நேரில் பார்க்காமல் பணம் தராதீர்கள். வீட்டின் மேல் பதிவான அடமானம் உண்டா என்று காட்டும் வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்தில் பாருங்கள், மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்கக் கேளுங்கள். ஜெராக்ஸ் மட்டும்தான் இருக்கிறது என்றால், மூலம் எங்கே என்று தெரியும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். கொடுப்பதையும் ரொக்கமாகக் கொடுக்காமல் ஓனரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள்.