20 லீற்றர் கானும் சயிக்கிள் மிதிக்கிற பெடியனும்

கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி படிப்பிக்கிறேன். போன வருசம் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாள், மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது. தரம் 10 பெடியன் ஒருவனைக் கிணற்றடியிலிருந்து 20 லீற்றர் கான் ஒன்றைத் தூக்கி வரச் சொன்னேன். கோல் கம்பத்துக்கு வருவதற்குள் நாலு தரம் இறக்கி வைத்தான். விரலெல்லாம் வெளுத்து, கைப்பிடி பதிந்த தடம் உள்ளங்கையில் நீலமாகக் கிடந்தது. இத்தனைக்கும் அவன் தினமும் ரியூசனுக்குப் பரந்தன் வரைக்கும் சயிக்கிளில் போய் வருகிறவன். மூச்சு வாங்கவே இல்லை. பிடிதான் விட்டுப்போனது.

சயிக்கிள் இருதயத்துக்கும் சுவாசத்துக்கும் நல்லது. தொடைக்கும் கொஞ்சம் வேலை கிடைக்கும். தோளையும் முதுகையும் கையையும் அது கேட்பதே இல்லை. தசை, கேட்ட வேலையைத்தான் பழகும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதும் இதுதான்: 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதோடு கிழமையில் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் பலம் தருகிற வேலை வேண்டும். பெற்றோர் முதல் பாதியைக் கேட்டுவிட்டு எழும்பிப் போய்விடுகிறார்கள்.

சரி, அந்த 3 நாளுக்கு என்ன செய்வது? திங்கள், புதன், சனி என்று வையுங்கள். நடுவில் ஒரு நாளாவது ஓய்வு கட்டாயம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நாலரை மணிக்கு முன்னால் வெயிலில் இறங்க வேண்டாம். பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் தோப்புக்கரணம். பிள்ளையாருக்கு முன்னால் போடுகிற அவசரத்தில் அல்ல. குதிக்கால் நிலத்தை விடாமல், முதுகு வளையாமல், மூன்று எண்ணி இறங்கி, எழும்ப வேண்டும். எட்டுப் பத்துத் தரம், பிறகு ஓய்வு, அப்படி இரண்டு சுற்று. அடுத்தது தண்டால். நிலத்தில் முடியாத பிள்ளை விறாந்தைக் குந்தில் கையூன்றிச் செய்யட்டும். பன்னிரண்டு தரம் லேசாக வந்தால் படிக்கட்டுக்கு இறங்கலாம், அப்புறம் நிலம். தொங்குவதற்கு வேம்போ மாமரமோ பாருங்கள். முருங்கைக் கொப்பில் தொங்கி வேதாளமாகப் போகாதீர்கள், அது முறியும். மேலே இழுத்து ஏற முடியாவிட்டால் சும்மா தொங்கினாலே போதும். பிடிக்கு அதைவிட நல்ல வேலை இல்லை.

கடைசியாகத்தான் கான். 5 லீற்றர் கான் இரண்டு, கைக்கு ஒன்று. முழங்காலை மடித்துத் தூக்கி, நிமிர்ந்து நடக்க வேண்டும். இரண்டு கிழமைக்கொருதரம் கொஞ்சம் கூட்டலாம். தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ என்பதால் கணக்கு லேசு. பாரத்துக்கு இரும்பு தேடிக் காணிக்குள் போக வேண்டாம். எங்கள் பக்கத்தில் மண்ணுக்குள்ளிருந்து வந்த எந்த உலோகத்தையும் பிள்ளை கையால் தொடக் கூடாது, அது போர்க்காலத்து வெடிபொருளாக இருக்கலாம்.

பாரத்தை ஏன் கடைசியில் வைக்கிறேன் என்றால், நான் பட்டவள். பதினைந்து வயதில் விளையாட்டுப் போட்டிக்குக் குண்டு எறியப் பழகப் போனபோது எனக்குப் பழக்கியவர் முதல் நாளே பெரிய குண்டைக் கையில் தந்தார். இடுப்புப் பிடித்து ஒரு மாதம் குனிய முடியவில்லை. அம்மா நல்லெண்ணெய் தேய்த்தபடி அவரைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

பாரம் தூக்கினால் பிள்ளை கட்டையாகிவிடும் என்கிறார்கள். முறையாகப் பழகினால் அப்படி ஆவதில்லை. எலும்பின் நுனிகளில் வளர்ச்சி நடக்கிற இடம் மென்மையானது, உண்மை. அதற்கு ஆபத்து, பார்க்க ஆளில்லாமல், போட்டிக்கு நின்று பெரும் பாரம் தூக்குவதில்தான்.

பெண்பிள்ளைகளின் தாய்மாருக்கு வேறு பயம், கை தடித்துப் பெடியன் மாதிரி ஆகிவிடுவாளாம். அவ்வளவு லேசாகத் தடிக்காது, அம்மா. எலும்புக்குப் பலம் சேர்கிற காலம் பெரும்பாலும் இந்த வயதுதான். குதிப்பதும் தூக்குவதும் அதற்குத் தேவை. உலக அளவில் 11 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகளில் 100க்கு 85 பேர் போதிய அளவு அசைவதில்லை, ஆண்பிள்ளைகளில் 78 பேர் என்று 2016ஆம் ஆண்டுத் தரவு சொல்கிறது. எங்கள் வகுப்பில் பெரியபிள்ளையானதும் வலைப்பந்தை விட்டவர்களை எண்ணினால் எனக்கு அந்த எண்ணிக்கை அதிசயமாகத் தெரியவில்லை.

சுவீடனில் 16 முதல் 19 வயது வரையான 10 இலட்சத்துக்கு மேற்பட்ட ஆண்பிள்ளைகளின் கைப்பிடிப் பலத்தையும் கால் பலத்தையும் அளந்து, ஏறக்குறைய 24 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். பலம் குறைந்தவர்களிடையே இளவயது மரணம் கூடுதலாக இருந்தது. உடல் பருமனைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். பலம்தான் காப்பாற்றியது என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனாலும் பிடியைக் கவனிக்க எனக்கு அது போதும்.

சாப்பாட்டுக்கு என்று புரத மாப்பேணி வாங்கிக் காசைக் கொட்டாதீர்கள். அவித்த கௌபி, பயறு, முட்டை, குளத்து மீன். இரவில் 8 மணித்தியாலமாவது நித்திரை. போன் வேறு அறையில்.

பெடியள் இரண்டாம் கிழமையே நூல் கட்டிப் புயத்தை அளந்துவிட்டு, "ரீச்சர், ஒண்டும் கூடேல்லை" என்று முகத்தைத் தொங்கப்போடுவார்கள். முதல் இரண்டு மாதம் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்பு பழகுவதால்தான். புயம் பிறகு பார்க்கலாம். நூலை எறிந்துவிட்டு, எத்தனை தரம் செய்தாய் என்று சுவரில் கரியால் எழுதச் சொல்லுங்கள். தசை இரண்டு நாள் உளைந்தால் பரவாயில்லை. மூட்டில் குத்தினாலோ, தலை சுற்றி விழுந்தாலோ, நெஞ்சு நொந்தாலோ நிறுத்திவிட்டு ஆசுப்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்தப் பெடியன் இந்த வருசம் கானை ஒருதரமும் இறக்காமல் கோல் கம்பத்தடிக்குக் கொண்டுவந்தான். இப்போது இரண்டு கையிலும் முழுக்கான் வேண்டுமாம். இரண்டாவதில் அரைவாசிதான் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.